உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார்

மக்கள் தம் ஊரை விட்டுப் பிற ஊர் செல்வதற்குரிய காரணங்கள் பலவாம். பொருள் தேடிச் செல்வோர் உளர்; தலமும் தீர்த்தமும் நாடிச் செல்வோர் உளர்; கல்வியின் பொருட்டுக் கடல் கடப்போரும் உளர். இவர்களேயன்றி, தாம் கண்டவற்றைக் காண வாய்ப்பில்லாத தம் நாட்டாருக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்னும் கருத்தோடு யாத்திரை செய்வோரும் சிலர் உளர். அச்சிலருள் தலைசிறந்த ஒரு தமிழரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இந்நாளில் தனியொருவராகக் காமிராவைக் கையிலேந்தி நாடு நாடாகச் சென்று, தாம் கண்ட காட்சிகளைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காட்டுவோர் பலராயினர். நம் மாணவ நண்பர்களும் இரவு உணவுக்குப் பின் இத்தகைய காட்சிகளைக் கண்டு மகிழ்வது நாம் அறியாததன்று. இது நம் காலத்திலே தோன்றிய புதிய கலை என்று பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டில் தொலைக்காட்சி டில்லியில் தோன்றியது 1959-ம் ஆண்டில்; சென்னைக்கு அது வந்தது 1975-ம் ஆண்டில். ஆங்கில நாட்டிற்கூட முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1936-ம் ஆண்டு நவம்பரில்தான் லண்டனில் தொடங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, எந்த அரசின் உதவியும் எந்தப் பெரிய ஸ்தாபனத்தின் பின்பலமும் இன்றி, ஒரு தமிழ் இளைஞர் உலகைச் சுற்றிப் படச்சுருள் தேடப் புறப்பட்டார். அவரே ஏ. கே. செட்டியார் என்று தமிழ் மக்கள் போற்றும் கருப்பன் செட்டியார் ஆவார்.

இளமை

செட்டியார் அவர்கள் 1911-ம் ஆண்டு நவம்பர்த் திங்களில், செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில், நகரத்தார் குலத்தில் பிறந்தார். பள்ளிக் கல்வியைப் பெற்றதோ திருவண்ணாமலையில். அந்நகரின் பெருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இருநூற்றுப் பதினேழு அடி உயரமுள்ள கீழைக் கோபுரமும், கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் எரியும் பேரொளியும், பதினான்கு கிலோமீட்டர்ச் சுற்றுள்ள மலைவலப் பாதையும் எவரும் அறிந்தவை. செட்டியார் சிறுவராயிருந்த அந்நாளில், 1896-ம் ஆண்டு முதலே அம்மலையை விட்டு நீங்காது உறைந்த இரமண முனிவரைக் காணப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வரத் தொடங்கியிருந்தனர். ஒருவர் ஓரிடத்திலேயே இருக்க, உலகம் அவரைத் தேடி வந்த ஊர் அது. அதே ஊரில் படித்த சிறுவர் பின்னாளில் உலகத்தைத் தேடிச் சென்றார் என்பது நினைக்கச் சுவையுடையது.

மலையை வலம் வருவார்க்கு ஒரு முறையுண்டு. நடப்பவர் எத்துணைத் தொலைவு நடப்பினும், மலை அவருக்கு வலப்புறமே நிற்கும். நடையின் பொருள் நடப்பவரிடத்தில் இல்லை, நடுவில் நிற்பதனிடத்திலேயே உள்ளது. செட்டியாரின் வாழ்வை முழுதும் நோக்குவார்க்கு இவ்வுவமை பொருத்தமாகவே தோன்றும். அவர் எத்தனை கடல் கடந்தபோதும், தம்மை நடுவில் நிறுத்திக்கொள்ளவில்லை.

இளமையிலேயே எழுத்தில் அவருக்கு ஆர்வமிருந்தது. ஆனந்த விகடனில் அவர் எழுதிய சிறுகதையொன்று வெளிவந்தது. பின்னர் அவர் பர்மா சென்று, இரங்கூனிலிருந்து வெளிவந்த தனவணிகன் என்னும் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அந்நாளில் பர்மா இந்தியாவோடு சேர்ந்த மாகாணமாகவே இருந்தது. 1937-ம் ஆண்டு ஏப்ரலிலேதான் அது பிரிக்கப்பட்டது. நகரத்தார் ஐராவதி நதிப் பள்ளத்தாக்கின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்து வந்தனர். உலகமெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தால் நெல்விலை வீழ்ந்தபோது, கடன் திரும்பாமல் நிலங்களே அவர்கள் கைக்கு வந்தன. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ம் ஆண்டில் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்தம் நிலம், 1938-ம் ஆண்டில் நூற்றுக்கு 25 பங்காயிற்று. அதனால் எழுந்த மனக்கசப்பையும் நாம் வரலாற்றிற் படிக்கின்றோம். அக்குலத்தில் பிறந்த ஓர் இளைஞர் வட்டிக்கடைப் பெட்டியடியில் அமராமல் பேனாவைக் கையிலெடுத்தார் என்பதே அவருடைய மனப்போக்கைக் காட்டப் போதியதாகும்.

அயல்நாட்டுக் கல்வி

எழுத்தோடு நில்லாமல், செட்டியாரின் உள்ளம் புகைப்படக் கலையின்பாற் சென்றது. அக்கலையை முறையாகக் கற்க அவர் ஜப்பான் சென்று டோக்கியோ நகரில் பயின்றார். ஜப்பானைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் தமிழருக்கு அந்நாட்டை அறிமுகம் செய்தன. பின்னர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கிலுள்ள புகைப்படக் கல்வி நிலையமொன்றில் ஓராண்டு பயின்று தேர்ச்சி பெற்றார்.

இந்நாளில் அயல்நாடு சென்று படிப்பார்க்கு வழிகாட்டும் நிலையங்களும் உதவித் தொகைகளும் பல உள. அந்நாளிலோ, மேல்நாடு சென்ற நம்மவருட் பெரும்பாலோர் சட்டமோ மருத்துவமோ ஐ.சி.எஸ். பரீட்சையோ கருதியே சென்றனர். புகைப்படம் எடுக்கக் கற்பதற்காக ஒருவர் இரு கண்டங்களுக்குச் சென்றார் எனின், உற்றார் சிலர் நகைத்திருப்பினும் வியப்பில்லை. தமிழ்ப் பேசும் படமோ தோன்றி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1931-ம் ஆண்டு வெளிவந்த காளிதாஸே முதற்படம். 1937-ம் ஆண்டில் தமிழ்நாடு சிந்தாமணியையும் அம்பிகாபதியையும் கண்டு களித்துக்கொண்டிருந்தது. புராணமும் காதற்கதையுமே படமாகும் என்றிருந்த காலத்தில், நிகழ்ந்ததை நிகழ்ந்தபடியே காட்டும் படம் என்பது நம் மக்களுக்குக் கேள்விப்படாத பொருளாகவே இருந்தது.

கப்பலில் எழுந்த எண்ணம்

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் நாள், செட்டியார் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகர் நோக்கி அட்லாண்டிக் கடலிற் கப்பற் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். நாற்புறமும் நீரன்றி வேறு காணாத அந்தத் தனிமையில், காந்தியடிகளின் வாழ்க்கையை, உண்மையாக எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டே ஒரு முழுநீளப் படமாக உருவாக்கவேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

எண்ணம் எளிது, நிறைவேற்றுவதோ அரிது. காந்தியடிகள் 1869-ம் ஆண்டில் பிறந்தவர். 1893-ம் ஆண்டு முதல் 1914-ம் ஆண்டுவரை பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். அவர் வாழ்வின் நிகழ்ச்சிகளைப் பல நாட்டுக் காமிராக்காரர்கள் அவ்வப்போது படம் பிடித்திருந்தனர். ஆனால் அப்படங்கள் எங்கே உள்ளன என்று ஒருங்கே கூறவல்லார் ஒருவருமில்லை. இந்திய அரசின் பட நிறுவனமாகிய பிலிம்ஸ் டிவிஷன் 1948-ம் ஆண்டில்தான் தோன்றிற்று. பூனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-ம் ஆண்டில்தான் அமைந்தது. எனவே செட்டியார் காலத்தில் சென்று கேட்பதற்கு ஒரு வாயிலும் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தாமே சென்று, ஒவ்வொரு கதவையும் தாமே தட்டவேண்டியவராயினார்.

மேலும், அன்று நாட்டை ஆண்டவர் ஆங்கிலேயர். காந்தியடிகளோ அவ்வாட்சியை எதிர்த்துப் பலமுறை சிறை சென்றவர். அவர் புகழைக் கூறும் படத்திற்குப் பணம் போட யார் துணிவர்? எடுத்தபின் அரசாங்கம் தடை செய்யின் போட்ட முதல் என்னாகும்? இவை நியாயமான கேள்விகள். போதாக்குறைக்கு, கதாநாயகராகிய காந்தியடிகளே சினிமாவில் சிறிதும் நாட்டமில்லாதவர். காமிராவின் முன் நிற்கவென்று ஒரு நொடியும் செலவிட விரும்பாதவர். இத்தனை தடைகளையும் அறிந்தே செட்டியார் அப்பணியில் இறங்கினார். சென்னையில் டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்னும் கம்பெனி இதன் பொருட்டு அமைந்தது.

படம் தேடிய படலம்

இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக அவர் உலகைச் சுற்றினார். நான்கு கண்டங்களில் அவர் செய்த பிரயாணம் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டரளவு ஆதலின், பூமியை இரண்டரை முறை சுற்றி வந்ததற்கு இது சமமாகும். அதுவும் பெரும்பாலும் கப்பலிலும் ரெயிலிலும் என்பதை நாம் மறத்தலாகாது.

செட்டியார் தேடியவை எவை என்பதைச் சிறிது விளக்குவோம். அந்நாளில் தொலைக்காட்சிச் செய்தியின் இடத்தில் செய்திப் படங்கள் இருந்தன. ஆங்கில நாட்டுக் கொட்டகைகளில் பெரிய படத்திற்கு முன்பாக, வாரம் இருமுறை மாறும் செய்திச் சுருள் காட்டப்பெறும். 1930-ம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை, 1931-ம் ஆண்டு லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடு, அப்போது காந்தியடிகள் ஏழைமக்கள் வாழும் கீழை லண்டனிலுள்ள கிங்ஸ்லி இல்லத்தில் தங்கியது, லங்காஷயர் ஆலைத் தொழிலாளரைச் சந்தித்தது முதலியவற்றைச் செய்திப் படக் கம்பெனிகள் பிடித்திருந்தன. ஆனால் செய்திச் சுருளின் ஆயுள் சில நாட்களே. நாளிதழ் மறுநாள் பழைய காகிதமாவது போல, சுருளும் பழையதானபின் ஏதேனும் ஒரு கிடங்கின் மூலைக்குப் போகும். அன்றி, அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க உருக்கப்படும். அன்றைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது ஆதலின், சேமித்து வைக்கவும் பலர் அஞ்சினர். ஆகவே காலம் தாழ்த்துந்தோறும் காந்தியடிகளின் படங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தன என்று கொள்ளலாம். செட்டியாரின் விரைவுக்குக் காரணம் இதுவே.

தென்னாப்பிரிக்காவுக்கும் அவர் சென்றார். சத்தியாக்கிரகம் என்னும் போர்முறை பிறந்த நாடு அது. டர்பன் அருகே 1904-ம் ஆண்டில் நிறுவப்பட்ட பீனிக்ஸ் குடியிருப்பும், ஜோகன்ஸ்பர்க் அருகே 1910-ம் ஆண்டில் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையும் அங்குள்ளன. அந்நாட்டுச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவருள்ளும் உயிர் நீத்தவருள்ளும் தமிழர் பலர் என்பதும், தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் 1914-ம் ஆண்டில் அதனாலேயே உயிர் துறந்தாள் என்பதும் நாம் நன்கறிந்தவை. ஆதலின் காந்தியடிகளின் வரலாற்றைத் தேடிச் சென்ற தமிழருக்கு, அது தம் மக்களின் வரலாறாகவும் அமைந்தது. சென்றவிடமெல்லாம் அவர் படச்சுருள் மட்டும் தேடவில்லை. அடிகளோடு பழகியவர்களையும் நாடிச் சென்று கண்டார்.

இவ்வாறு அவர் திரட்டிய படச்சுருள் ஐம்பதினாயிரம் அடி. முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு காமிராக்காரர்கள் பல நாடுகளில் எடுத்தவை அவை. பிறர் எடுத்த படங்கள் மட்டும் போதாவாதலின், புதியனவும் எடுக்கப்பட்டன.

வெட்டும் ஒட்டும்

ஐம்பதினாயிரம் அடி என்பது எத்துணை என்று மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். முப்பத்தைந்து மில்லிமீட்டர்ச் சுருளில் ஓரடிக்குப் பதினாறு படங்கள் அமையும். பேசும் படம் நொடிக்கு இருபத்துநான்கு படங்களாக ஓடும். ஆதலின் ஒரு நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி செலவாகும். ஐம்பதினாயிரம் அடியை அவ்வேகத்தில் ஓட்ட ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேண்டும். செட்டியார் அதனைப் பன்னிரண்டாயிரம் அடியாகச் சுருக்கினார். அதாவது, நான்கு பங்கில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவானதைக் கொண்டு, ஏனையதை விலக்கினார். இரண்டு மணி பதின்மூன்று நிமிட அளவுள்ள படம் கிடைத்தது.

தேடி அலைந்து பெற்ற பொருளில் முக்காற் பங்கை விலக்குவது எத்துணைக் கடினம் என்பதைக் கட்டுரை எழுதிப் பழகிய மாணவர் உணர்வர். மேலும் பழைய மௌனப் படங்கள் மெதுவான வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பேசும் பட வேகத்தில் ஓட்டினால் மாந்தர் ஓடுவது போலவும் துள்ளுவது போலவும் தோன்றுவர். பேசும் படத்தில் ஒலிக்கென ஒரு விளிம்பு ஒதுக்கவேண்டுமாதலின், மௌனப் படத்தின் அகலமும் பொருந்தாது. நூறு கைகள் எடுத்த படங்களில் ஒன்று வெளிறியிருக்கும், ஒன்று இருண்டிருக்கும். இவற்றையெல்லாம் ஒரே சரடில் கோத்து, தமிழ் விளக்கவுரை சேர்த்து, ஒரு மனிதரின் வாழ்க்கையாகக் காணச் செய்தல் வேண்டும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கற்ற கல்வி இங்கே பயன் தந்தது.

வெள்ளித்திரையில்

1940-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ம் நாள், மகாத்மா காந்தி என்னும் அப்படம் சென்னையில் வெளியாயிற்று. அப்போது செட்டியாருக்கு இருபத்தொன்பது வயது நிறையவில்லை. தெலுங்கு விளக்கவுரையோடும் அது வெளிவந்தது. காந்தியடிகளின் வாழ்க்கையைக் காட்டிய முதல் முழுநீள உண்மைப்படம் தமிழிலே தோன்றிற்று என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. விட்டல்பாய் ஜவேரி தொகுத்த நெடும்படம் வந்தது 1968-ம் ஆண்டில். ஆட்டன்பரோவின் கதைப்படம் வந்தது 1982-ம் ஆண்டில். இவற்றுக்கெல்லாம் முன்னோடி கோட்டையூர் இளைஞரின் முயற்சியே.

காலம் மட்டும் அவருக்குத் துணை செய்யவில்லை. 1939-ம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டுவிட்டது. 1942-ம் ஆண்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்து, தலைவர்கள் சிறைப்பட்டனர். காந்தியடிகளின் பெயரை உரக்கச் சொல்வதே குற்றமாகக் கருதப்பட்ட அந்நாட்களில், அவர் படத்தை ஊரூராகக் காட்டுதல் எளிதன்று. எனவே இத்துணை உழைப்பால் உருவான படம் விரும்பிய அளவு மக்களிடம் செல்லவில்லை. நாடு விடுதலை பெற்றபின் இந்தியிலும் அது காட்டப்பட்டது. பின்னர்ச் செட்டியார் மீண்டும் அமெரிக்கா செல்ல, அவர் திரட்டிய படங்களைக் கொண்டு ஹாலிவுட்டில் ஆங்கிலப் படம் ஒன்று உருவாக்கப்பட்டு, 1953-ம் ஆண்டில் வெளியாயிற்று.

மேல்நாட்டில் இத்துறையிற் புகழ்பெற்ற ஒருவரோடு செட்டியாரை ஒப்பிடுவது பயனுடைத்து. அமெரிக்கராகிய பர்ட்டன் ஹோம்ஸ் என்பார் உலகெங்கும் சுற்றி, நிழற்படங்களையும் 1897-ம் ஆண்டு முதல் சலனப் படங்களையும் காட்டிச் சொற்பொழிவாற்றியவர். இன்றைய தொலைக்காட்சிப் பிரயாண நிகழ்ச்சிகளுக்கு அவரை மூதாதை எனலாம். அவருடைய மேடையில் படமும் உண்டு, அவரும் உண்டு. மக்கள் நாடுகளைக் காணவும் வந்தனர், அவரைக் காணவும் வந்தனர். 1989-ம் ஆண்டில் ஆங்கில நடிகர் மைக்கேல் பேலின் எண்பது நாளில் உலகைச் சுற்றிய தொடரும் இம்மரபினதே. இம்முறையைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. வழிகாட்டுவார் முகம் தெரிந்தால் வழி இனிதாகும். ஆனால் செட்டியார் சென்ற நெறி வேறு. ஒரு லட்சம் கிலோமீட்டர் சென்றவரின் அலைச்சலை அப்படம் பேசுவதில்லை. அவர் யாரைத் தேடிச் சென்றாரோ அவரையே காட்டுகிறது.

பிரயாண நூல்களும் குமரி மலரும்

படம் வெளியான 1940-ம் ஆண்டிலேயே உலகம் சுற்றும் தமிழன் என்னும் அவர் நூலும் வெளிவந்தது. நூலின் பெயரே நூலாசிரியருக்குப் பட்டமாயிற்று. மலேயா முதல் கனடா வரை, அமெரிக்க நாட்டிலே, கரிபியன் கடலும் கயானாவும், ஐரோப்பா வழியாக, குடகு முதலிய பிரயாண நூல்கள் பின்னர்த் தொடர்ந்தன. பெரிய மாளிகைகளைப் பற்றி எழுதுவதினும், அவ்வந்நாட்டு மக்கள் எவ்வாறு பேசுகின்றனர், எவ்வாறு விருந்தோம்புகின்றனர் என்பதை எழுதுவதிலேயே அவருக்கு விருப்பம் மிகுதி. சிறு வாக்கியம், எளிய சொல், மெல்லிய நகைச்சுவை. கயானாவிலும் கரிபியன் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்கள் வாழும் நிலையைத் தமிழருக்குக் கூறியவர் அவரே. அதே குலத்தைச் சேர்ந்த சோமலெ அவர்களும் இத்துறையில் உழைத்தார் என்பதை நன்றியுடன் குறிக்கின்றோம்.

1943-ம் ஆண்டில் அவர் குமரி மலர் என்னும் பத்திரிகையைத் தொடங்கி, வாழ்நாள் இறுதிவரை நடத்தினார். கையடக்கமான புத்தக வடிவில் வந்த அவ்விதழில் பழைய ஏடுகளிலும் இதழ்களிலும் மறைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடியெடுத்து வெளியிட்டார். உலகெங்கும் படச்சுருள் தேடியவர், பின்னர் நூல்நிலையங்களின் தூசியில் காகிதம் தேடினார். தேடற்பொருள் மாறிற்றேயன்றித் தேடும் குணம் மாறவில்லை. தமிழர் எழுதிய பழைய பிரயாணக் கட்டுரைகளைத் தொகுத்து, தமிழ்நாடு என்னும் பெயரில் 1968-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், அன்றைய சாலைகளையும் சத்திரங்களையும் ஊர்களையும் அறிய விழைவார்க்குப் பெருந்துணையாகும். தமக்கு முன் நடந்தவர்களை மறவாத பிரயாணி அவர்.

தம் வாழ்வின் பிற்பகுதியில், காந்திப் படம் உருவான வரலாற்றைக் குமரி மலரில் அவர் தொடராக எழுதினார். அங்கும் தம் பெருமை கூறவில்லை, உதவியவர்களையே நினைவுகூர்ந்தார். 1983-ம் ஆண்டு செப்டம்பர் 10-ம் நாள் அவர் இவ்வுலகை நீத்தார்.

மறைவும் மீட்சியும்

இனி நாம் கூறப்போவது வருந்துதற்குரியது. இத்துணை அரிதின் முயன்று எடுத்த 1940-ம் ஆண்டுத் தமிழ்ப் படம் காலப்போக்கில் காணக் கிடைக்காதாயிற்று. அழியும் சுருள்களைத் தேடித் தொகுத்தவரின் படமே அழிவின் வாயிற் சென்றது. அவரை அறிந்த தலைமுறை மறையவே, அப்படி ஒரு படம் உண்டு என்பதையும் பலர் மறந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் குமரி மலர்க் கட்டுரைகளைத் தொகுத்து, அண்ணல் அடிச்சுவட்டில் என்னும் நூலாகப் பதிப்பித்தார். அதன் ஆங்கில வடிவம் 2006-ம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த ஆங்கிலப் படத்தின் பிரதியும் அவர் முயற்சியால் மீண்டும் நம் நாட்டாருக்குக் கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோ வரை சென்று ஒரு படச்சுருளைத் தேடவேண்டிய நிலை, செட்டியார் அன்று செய்த பணியையே அவர் பொருட்டு மற்றொருவர் செய்யவேண்டிய நிலையாயிற்று.

இங்கே நம்முள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. செட்டியார் தம்மை இத்துணை மறைத்துக்கொள்ளாதிருந்தால், அவர் படமும் மறைந்திராதோ? தம் முகத்தையும் பெயரையும் எங்கும் முன்னிறுத்தியவர்களின் படைப்புகள் பிழைத்திருக்க, பின்னே நின்றவரின் படைப்புக் காணாமற் போயிற்றே! அடக்கம் நற்குணமே, ஆயினும் அதன் விலையைத் தமிழ்நாடு கொடுக்க நேர்ந்தது என்று கூறுவோரும் இருக்கலாம். அவர் கூற்றில் உண்மை சிறிதுண்டு. ஆனால் நன்கு ஆராய்ந்தால், குற்றம் அவரது அடக்கத்தில் இல்லை என்பது விளங்கும். செய்பவன் கடமை செய்தல். காப்பது பெற்றவர் கடமை. தந்தை தேடி வைத்த செல்வத்தை மக்கள் தொலைத்தால், தந்தை தம் செல்வத்தைப் பறைசாற்றவில்லை என்று பழித்தல் முறையாகாது.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் காமிரா உள்ளது. செட்டியார் கற்கக் கடல் கடந்த கலையை நாம் கற்காமலே செய்கின்றோம். ஒரே நாளில் ஓர் இளைஞர் எடுக்கும் படம் அவர் மூன்றாண்டில் திரட்டியதற்கு மேற்படுதலும் கூடும். ஆகவே எடுத்தல் இன்று அரிதன்று. எதை எடுப்பது, எதை விலக்குவது, எதைக் காப்பது என்று அறிதலே அரிது. விடுமுறையில் திருவண்ணாமலைக்கோ தேம்ஸ் நதிக்கரைக்கோ செல்லும் நம் மாணவர், தாம் எடுக்கும் படங்களில் ஊரின் முகம் எத்தனை, தம் முகம் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின் நலம். தம் இல்லத்துப் பரணில் பாட்டனார் எடுத்த சுருளோ, கண்ணாடித் தகடோ, பழுப்பேறிய நாட்குறிப்போ கிடக்குமாயின், அதனைக் குப்பையென்று எறியுமுன் நூல்நிலையத்தாரிடம் காட்டுவாராயின் மிக்க நலம். உலகைச் சுற்றிய அத்தமிழருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.